கட்டுரை யாருடையது?

சென்ற ஆண்டுக் கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் மாலை, எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்தார். ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கு அலுமினிய உறுப்புகளை வார்த்துக் கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றில் அவர் மேற்பார்வையாளராக அமர்ந்திருக்கின்றார். நலம் உசாவிய பின்னர்ச் சற்றே தயங்கி, "ஐயா, வார்ப்பினுள் காற்றுத் துளைகள் விழுவது பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் பட்டறையில் உள்ளோர்க்குக் காட்டலாமென்று இணையத்தில் தேடினேன். தலைப்பும் சுருக்கமுமே தெரிகின்றன. எஞ்சியதைப் படிக்க முப்பத்தைந்து டாலர் கேட்கிறார்கள். அதிலுள்ள அளவுகளை எடுத்துத் தந்தவனே நான்தானே, ஐயா?" என்றார்.

யாம் நாணினோம். அவர் கேட்டது நியாயமே. கட்டுரையின் ஈற்றில் அவர் பெயருக்கு நன்றியும் கூறியிருந்தோம். ஆயின் அந்நன்றியுரையைப் படிப்பதற்கும் அவர் பணங்கட்ட வேண்டியிருந்தது. அச்சான படி எம்மிடம் இருந்தது. அதனை அவர்க்குக் கொடுக்கலாமா, கொடுத்தல் குற்றமா என்பது எமக்குத் தெரிந்திலது. தம் கையால் எழுதிய ஒன்றைத் தம் மாணாக்கர்க்குக் கொடுக்கலாமா என்று ஐயுறும் நிலை ஓர் ஆசிரியனுக்கு எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

அன்றிரவே பழைய மின்னஞ்சல்களைத் துருவி, கட்டுரை ஏற்கப்பட்டபோது யாம் ஒப்பமிட்ட படிவத்தைக் கண்டெடுத்தோம். மூன்று பக்கம். கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், ஒரு வரியும் படியாமல் கட்டங்களில் குறியிட்டு அனுப்பியிருந்தோம். அதன் சாரம் இது: அக்கட்டுரையின் பதிப்புரிமை முழுவதையும், உரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும், எல்லா மொழிகளிலும், இன்றுள்ளனவும் இனித் தோன்றுவனவுமாகிய எல்லாச் சாதனங்களிலும், அயல்நாட்டுப் பிரசுரகர்த்தர் ஒருவர்க்கு யாம் உடைமையாக்கிவிட்டோம். அதற்கு ஈடாக எமக்கு வந்த பொருள் ஒரு காசுமில்லை. கட்டுரையைச் செவ்வைபார்த்த அறிஞர் இருவர்க்கும் ஒரு காசு கொடுத்திருக்க மாட்டார்கள். அவ்வேலையை யாமும் பன்முறை இலவசமாகவே செய்திருக்கின்றோம். ஆராய்ச்சிக்குரிய கருவிகள் கலாசாலையுடையன, வார்ப்புத் துண்டுகள் பட்டறையுடையன, உழைப்பு மாணாக்கருடையது. உரிமை மட்டும் இவருள் ஒருவரிடத்தும் இல்லை.

அப்படிவத்திலே எமக்குச் சாதகமான இரண்டு வரிகளும் இருந்தன என்பதை மறைத்தல் முறையன்று. தனிப்பட்ட முறையிற் கேட்கும் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு படி அனுப்பலாம். வாணிக நிலையத்தின் பயனுக்கு அனுப்புதல் ஆகாது. செவ்வைபார்க்கப்பட்டு ஏற்கப்பெற்ற எம் கையெழுத்துப்படியை, அச்சான நாளிலிருந்து இருபத்துநான்கு திங்கள் கழிந்தபின், கலாசாலைக் களஞ்சியத்தில் எவரும் படிக்குமாறு வைக்கலாம். அவ்விருபத்துநான்கு திங்கள் முன்பே கழிந்திருந்தன! ஆனால் அக்கையெழுத்துப்படியை யாம் காத்து வைத்திலேம். இறுதித் திருத்தங்கள் செய்த படி பத்திரிகையாரின் வலைவாயிலிலேயே தங்கிவிட்டது; எம் கணினியில் இருந்தவை முதலிரண்டு வரைவுகளே. ஆக, குற்றத்திற் பாதி எம்முடையதே.

நிற்க. இக்குறை எம் ஒருவர்க்கே உரியதாயின் ஆண்டு மலரின் பக்கங்களை அதற்காகச் செலவிடோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் ஒருமுறை சென்றார்க்கு இதன் பரப்பு விளங்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அந்நிலப்பரப்பின் ஒரு கோடியில், இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் ஆலை 1998இல் கார்களை வெளிவிடத் தொடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டைம்லர் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் வந்தன. இவற்றின் நிழலில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். இடையிடையே பொறியியற் கலாசாலைகள். இக்கலாசாலைகளிலுள்ளார் எழுதும் கட்டுரைகளிற் பல அவ்வாலைகளிலே கண்ட குறைகளைப் பற்றியனவே: பற்றவைப்பு, வார்ப்பு, வண்ணப்பூச்சு, மின்கலம். கலாசாலைக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு பேருந்துக் கட்டணம். கட்டுரையோ கடல் கடந்து சென்று, சுங்கம் வாங்குவோர் ஒருவரைத் துணைக்கொண்டு திரும்புகின்றது.

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் அவ்வூரிற் பிறந்த இராமாநுசரை நினையாதார் இலர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பன்முறை நடந்து பெற்ற எட்டெழுத்தின் பொருளை, வெளியிடலாகாது என்ற ஆணையையும் மீறி, கோபுரத்தின்மீது ஏறி நின்று அனைவர்க்கும் உரைத்தார் என்பது குருபரம்பரைக் கதை. திறந்த அணுக்கம் பற்றிப் பேசுவோர் சிலர் இக்கதையை மகிழ்ந்து எடுத்துக்காட்டுவர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இராமாநுசர் சொன்னது தாம் பெற்றது. அதை வெளியிட்டதால் வருங்கேட்டையும் தாமே ஏற்கத் துணிந்தார். யாம் கேட்பது அத்துணைத் தியாகமன்று. தாம் எழுதியதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிறர்க்கும் கொடுங்கள் என்பதே.

திறந்த அணுக்கம் என்னும் இவ்வியக்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் இணையத்தின் வழியே பொருள் கொடாது படிக்கவும் படியெடுக்கவும் பரப்பவும் இயலவேண்டும் என்னும் அறிக்கை 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் புடாபெஸ்ட் நகரின் பெயரால் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பெதஸ்டா, பெர்லின் அறிக்கைகள் தொடர்ந்தன. நம் நாடும் பின்தங்கவில்லை, சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. சுப்பையா அருணாசலம் அவர்கள் பல்லாண்டு இதனை இடைவிடாது வற்புறுத்தி வந்திருக்கின்றார். மத்திய அரசின் அறிவியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகள் இரண்டும் தாம் பொருளுதவி செய்யும் ஆராய்ச்சியின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று 2014 டிசம்பரில் கொள்கை வகுத்தன.

புடாபெஸ்ட் அறிக்கையை ஊன்றிப் படிப்பார்க்கு ஒன்று புலனாகும். இத்துறையிற் பதிப்புரிமைக்கு உரிய வேலை, எழுதினோர் தம் எழுத்தின் செம்மையைக் காத்துக்கொள்ளவும் தம் பெயர் முறையாகக் குறிக்கப்பெறவும் துணைசெய்வதே என்று அது கருதுகின்றது. அஃதாவது, வாயில் இரண்டு: படிப்போர் உள்ளே வரும் வாயில் ஒன்று, எழுதினோர் தம் உடைமையோடு வெளியே வரும் வாயில் மற்றொன்று. இந்நாளிற் பலரும் முதல் வாயில் திறந்ததைக் கண்டு மகிழ்ந்து, இரண்டாவது வாயில் பூட்டிக் கிடப்பதை நோக்காது போகின்றனர்.

எம் நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கேண்மின். அவரும் ஆசிரியரே. எம் கதையைக் கேட்டு எச்சரிக்கை கொண்டு, தம் கட்டுரையைத் திறந்த அணுக்கமாகவே வெளியிடுவது என்று துணிந்து, அதற்குரிய கட்டணத்தைத் தம் சம்பளத்திற் சேர்த்துச் செலுத்தினார். இக்கட்டணம் சிறிதென்று எண்ணற்க. நேச்சர் இதழ் 2021இல் திறந்த அணுக்கத்திற்கு விதித்தது 9,500 யூரோ. ஏனைய இதழ்கள் அத்துணை கேளாவிடினும், நம் கலாசாலை ஆசிரியர் ஒருவரின் சில திங்கட் சம்பளத்தை எளிதில் விழுங்குவன பல. நண்பரின் கட்டுரை வெளிவந்தது. முதற்பக்கத்தில் பதிப்புரிமை ஆசிரியருடையது என்று பொறித்திருந்தது. அவரும் களிப்புற்றார். ஓராண்டு சென்று, தொழிற்பயிற்சி நிலைய மாணாக்கர் பொருட்டு அதனைத் தமிழாக்கிச் சிறு நூலாக வெளியிட முனைந்தபோதுதான், பிரசுரகர்த்தரின் இசைவு வேண்டும் என்பதை அறிந்தார். நடந்தது யாதெனில், பதிப்புரிமை என்னும் பெயர் அவரிடம் இருந்தது. அவ்வுரிமையாற் செய்யத்தக்க செயல்களையெல்லாம் தனியுரிமமாகப் பிரசுரகர்த்தர்க்கே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பட்டா தம் பெயரில் இருக்க, பயிர்செய்யும் உரிமை முழுவதையும் காலமெல்லாம் பிறர்க்கு எழுதிவைத்தவன் நிலை அது.

ஈண்டு கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிமங்களைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். திறந்த அணுக்க இதழ்களிற் பெரும்பாலானவை இவற்றையே கையாளுகின்றன. 2002 டிசம்பரில் முதன்முதல் வெளிவந்த இவை ஆறு வகை. எல்லாவற்றிற்கும் அடிப்படை, எழுதினோர் பெயரைக் குறிக்கவேண்டும் என்பது. பெயர் குறித்தால் போதும், படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம் என்று விடுவது 'சி.சி. பை' எனப்படும். அதனோடு, இதிலிருந்து ஆக்கியதையும் இவ்வுரிமத்தின்கீழே வெளியிடுக என்பது ஒரு நிபந்தனை. வாணிகத்திற்குப் பயன்படுத்தற்க என்பது மற்றொன்று. மாற்றி வெளியிடற்க என்பது மூன்றாவது. இம்மூன்றாவதில் தமிழர்க்கு ஒரு பெருந்தீங்கு மறைந்திருக்கின்றது. மொழிபெயர்ப்பும் மாற்றமே. அந்நிபந்தனை பொறித்த கட்டுரையை உலகெலாம் ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம்; தமிழாக்கி வெளியிடல் ஆகாது. ஒரகடத்திற் பொறியின் முன் நிற்போருட் பெரும்பாலோர் எம்மொழியிற் படிப்பர் என்பதைக் கூறவும் வேண்டுமோ? படிவத்தில் நான்கைந்து உரிமங்களைக் காட்டி, ஒன்றைத் தெரிந்தெடுக்க என்று கேட்குமிடத்து, 'கட்டுப்பாடு மிகுதியாயின் காவல் மிகுதி' என்று எண்ணிக் கடைசிக் கட்டத்தில் குறியிடுவோர் நம்மிற் பலர். நண்பரும் அதனையே செய்திருந்தார்.

'பெயர் மட்டும் போதும் என்று விட்டால், எவனோ ஒருவன் என் கட்டுரையை அச்சிட்டு விற்பானே' என்பது பலர் கூறும் தடை. விற்கட்டும் என்பதே எம் விடை. ஆராய்ச்சிக் கட்டுரையை விற்றுச் சோறு தின்ற ஆசிரியர் எவரையும் யாம் கண்டிலேம். இலவசமாகக் கிடைப்பதை விலைகொடுத்து வாங்குவோர் இருப்பின், அவர்க்கு ஏதோ வசதி இருத்தல் வேண்டும். ஆயினும் இக்கருத்தைக் கவிதைக்கும் கதைக்கும் நாவலுக்கும் நீட்டற்க. எழுத்தால் வாழ்வோர் நிலை வேறு. கட்டுரையில் உள்ள கருத்தும் முறையும் எப்போதும் பதிப்புரிமைக்கு உட்பட்டனவல்ல என்பதையும் மறத்தலாகாது. பட்டறையார் அம்முறையைக் கையாளுவதற்கு அவ்வுரிமை தடையன்று. காப்புரிமை என்பது வேறு சட்டம். பதிப்புரிமை காப்பது சொல்லையும் படத்தையுமே. ஆனால் சொல்லைப் படித்தாலன்றோ முறை தெரியும்!

நம் நாட்டுச் சட்டம் எழுதினோர்க்குப் பகையன்று. அவர்கள் உறங்குவதே பகை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வதைக் கேண்மின். எழுத்து மூலமாக, உரிமையாளர் ஒப்பமின்றிச் செய்த உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்கப்படாதாயின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். நிலவெல்லை குறிக்கப்படாதாயின் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். இத்துணைக் காவல் இருந்தும் பயனில்லை. படிவத்தை வகுத்த வழக்கறிஞர் 'உரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும்' என்று இரண்டு தொடர்களை இட்டு அவ்விரு காவலையும் நீக்கிவிடுகின்றார். உரிமைக் காலமோ எழுதினோர் வாழ்நாளும் அதன்மேல் அறுபதாண்டும். பேரன்மாரும் கிழவராகும் காலம்! எஞ்சுவது 57ஆம் பிரிவு: உரிமை முழுவதையும் கொடுத்த பின்னும், இதனை எழுதியவர் தாமே என்று கூறிக்கொள்ளவும், தம் மதிப்புக்குக் கேடாகச் சிதைப்பதைத் தடுக்கவும் எழுதினோர்க்கு உரிமை உண்டு.

இத்தொழிற்பேட்டைகளுக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணாக்கர் 17ஆம் பிரிவையும் அறிந்திருத்தல் நலம். எழுதினவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஊழிய ஒப்பந்தத்தின்கீழோ தொழில் பயில்வோராக ஏற்ற ஒப்பந்தத்தின்கீழோ அவ்வேலையின்போது எழுதியதாயின், மாறான உடன்பாடு இல்லாவிடத்து, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆலையில் தொழில் பயில்வோராக ஒப்பமிட்டு, அவ்வேலையாக எழுதிய அறிக்கையைப் பின்னர்ப் பத்திரிகைக்கு அனுப்புவார், தமக்கு உரியதல்லாத ஒன்றைக் கொடுத்தவராதல் கூடும். பயிற்சிக்குப் புகும் நாளிலேயே கேட்டுத் தெளிக.

பதிப்புரிமையைப் பற்றித் தமிழ்நாடு முதன்முறை கவல்வது இன்றன்று. 1921இல் மறைந்த பாரதியாரின் நூலுரிமை பலர் கைப்பட்டது. அவர் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்பரிடம் இருந்தது. மக்கள் கிளர்ந்து கேட்டதன்மேல் 1949இல் சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பரும் தம் உரிமையை விலை பெறாது விட்டுக்கொடுத்தார். பின்னர் அவை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்தாளரின் நூல்களை மாநில அரசு நாட்டுடைமையாக்கி, அவர்தம் வழியினர்க்குப் பொருளும் அளித்து வந்திருக்கின்றது. இத்தகைய செயலை இத்துணைப் பெரிதாகச் செய்த அரசு பிறிதொன்று உண்டோ என ஐயுறுகின்றோம். பாரதியாரின் பாட்டுகளை மீட்க ஓர் அரசு வேண்டியிருந்தது. ஆசிரியர் ஒருவர் தம் கட்டுரையைக் காத்துக்கொள்ள ஒப்பமிடுமுன் படிவத்தின் ஒரு வரியை அடித்தெழுதினால் போதும்.

'அடித்தெழுதினால் கட்டுரையை ஏற்பரோ?' என்று இளைய ஆசிரியர் கேட்பர். கேள்வி பொய்யன்று. பதவி உயர்வும் பட்டமும் கட்டுரை எண்ணிக்கையைப் பற்றி நிற்கும் நாட்டில், முப்பது வயதினர் ஒருவரை நோக்கி 'நீர் போர் செய்க' என்று சொல்ல எமக்கு நாக்கு எழவில்லை. எழுதினோரிடமே உரிமையை விட்டு, வெளியிடும் இசைவை மட்டும் பெற்று நடக்கும் இதழ்கள் உளவென்பது மெய். 2003இல் தோன்றிய பிளாஸ் உயிரியல் இதழ் அத்தகையது. தனியொருவர் பேரம் பேசுவதினும் நிறுவனம் பேசுதல் எளிது. ஹார்வார்டு சர்வகலாசாலையின் கலை, அறிவியற் புலத்து ஆசிரியர்கள் 2008 பிப்ரவரியில் ஒருங்கு கூடி, தாம் எழுதும் கட்டுரைகளுக்குத் தனியுரிமமல்லாத ஓர் உரிமத்தைச் சர்வகலாசாலைக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டனர். பிரசுரகர்த்தரின் படிவம் வருமுன்னரே கலாசாலையின் களஞ்சியத்திற்கு இடம் உறுதியாயிற்று. வேண்டாதார்க்கு விலக்கும் உண்டு. இதற்குப் பொருட்செலவு இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தீர்மானமே வேண்டும். நம் கலாசாலைகளில் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. இது மட்டும் ஏன் நிறைவேறலாகாது?

'அரசாங்கமே சந்தா கட்டுகின்றதே' என்பார்க்கும் ஒரு சொல். ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஏற்றது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பிரசுரகர்த்தர், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் நிருவாகத்திலுள்ள கலாசாலைகள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவற்றை நோக்கி வகுத்தது அது. நன்றே. ஆயின் எம் பழைய மாணாக்கரின் பட்டறை இவ்விரண்டனுள் எதுவுமன்று. எழுதினோர் ஒப்பமிடும் படிவத்தில் ஓரெழுத்தையும் அத்திட்டம் மாற்றுவதில்லை. நாமே இலவசமாகக் கொடுத்ததை நாமே விலைக்கு வாங்குகின்றோம். விலையைத் தனித்தனியே கொடாமல் கூடிக் கொடுக்கின்றோம் என்பதே வேறுபாடு.

ஊரார் குறை கூறிய யாம் எம் வீட்டையும் நோக்கினோம். இவ்வாண்டு மலரின் பழைய தொகுதிகளைக் கணினியிலேற்றி எவரும் படிக்குமாறு வைக்கவேண்டும் என்று பழைய மாணாக்கர் சங்கத்தார் சில காலமாகக் கேட்டு வருகின்றனர். செய்யலாமா? எம்மிடமுள்ள தொகுதிகளை அட்டை முதல் அட்டை வரை புரட்டினோம். கட்டுரைகளின் உரிமை எவர்க்கு என்று ஒரு சொல்லும் இல்லை. எழுத்து மூலமான மாற்றம் இன்மையின், மாணாக்கர் எழுதியவை இன்னும் அவரவர்க்கே உரியன. எழுதியவர் மறைந்து அறுபதாண்டு கழிந்தனவற்றைத் தடையின்றி ஏற்றலாம். ஏனையோரைத் தேடிக் கேட்டல் வேண்டும். தேடுவதற்கு முகவரி ஏது? ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், பலர் எங்கே என்று தெரியாது. முதற்பக்கத்தில் இரண்டு வரி அச்சிட்டிருந்தால் இத்தொல்லை இல்லை. 'இம்மலரில் வரும் எழுத்துகளின் உரிமை எழுதினோர்க்கே. கட்டுரைகளைப் பெயர் குறித்து எவரும் எடுத்தாளலாம். கதைக்கும் கவிதைக்கும் எழுதினோரைக் கேட்க' என்பது யாம் வரைந்து பத்திராதிபர்க்கு அனுப்பியுள்ள வாசகம்.

எம் மாணாக்கர்க்கு அவர் கேட்ட கட்டுரையைக் கொடுத்தோமா எனின், அச்சுப்படியைக் கொடுத்திலேம். முதல் வரைவை எடுத்து, செவ்வைபார்த்தோர் கூறிய திருத்தங்களை நினைவிலிருந்து சேர்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து, அதே செய்தியைத் தமிழிற் புதிதாக எழுதிக் கொடுத்தோம். படங்கள் அவருடைய பழைய குறிப்பேட்டிலிருந்தே கிடைத்தன. அதன் முதற்பக்கத்தில் எம் பெயரையும் அவர் பெயரையும் இட்டு, எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம் என்று கீழே எழுதினோம். பட்டறைச் சுவரில் அதன் இரண்டு பக்கங்களை ஒட்டியிருப்பதாகத் தைத்திங்களில் எழுதியிருந்தார். பத்திராதிபரிடமிருந்து விடை இன்னும் வந்திலது.